ஒற்றைக் கோடும் இரட்டைக் கோடும்



பொம்மசந்திராவில், அதுவும் தமிழில், பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறுகளுக்கு ஒரு கருத்தரங்கு என்றதும் மகிழ்ந்தேன். தலைமை நான்தான் என்றதும் சற்றுக் கலங்கினேன். எனக்கு உயிர்வேதியியல் கற்றுத்தந்தவர்களே முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரியிலிருந்து அத்திப்பள்ளி தாண்டிக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரும் பெற்றோர் பேசுவது தமிழ்தான். ஆகவே ஏன் தமிழில் என்று யாரும் கேட்க மாட்டீர்கள்.

'அரிய பரம்பரை வளர்சிதைமாற்றக் கோளாறுகளைப் புரிந்துகொள்ளுதல்' என்பது நமக்குத் தரப்பட்ட தலைப்பு. ஒரு நொதி குறைந்தால் அதற்கு முந்தைய பொருள் தேங்கும், பிந்தையது வறளும் என்பதை இந்த அவைக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இரத்தப்புள்ளி அட்டைப் பரிசோதனை, நொதி மாற்றுச் சிகிச்சை, 2021-இன் தேசிய அரிய நோய்க் கொள்கை, அதன்கீழ் அடுத்த ஆண்டு 50 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்ட நிதியுதவி ஆகியவற்றுக்குத் தனித்தனி அமர்வுகள் இருக்கின்றன. என் நேரத்தை ஒரே ஒரு வாதத்துக்குச் செலவிட அனுமதியுங்கள்.

புறநோயாளி அறையில் "சொந்தத்தில் கல்யாணமா?" என்று கேட்கிறோம். "இல்லீங்க டாக்டர், அந்நியம்தான்" என்கிறார் அம்மா. வம்சாவளிப் படத்தில் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே ஒற்றைக் கோடு போடுகிறோம். தாய்மாமனைக் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. இரட்டைக் கோடு விழுந்தால் காரணம் கிடைத்துவிட்டதாக நிமிர்ந்து உட்காருகிறோம். ஒற்றைக் கோடு என்றால் பரம்பரை நோய் பற்றிய சந்தேகம் ஒரு படி இறங்கிவிடுகிறது. இந்தப் பழக்கம் இந்தியாவுக்குப் பொருந்தாது என்பதே என் வாதம்.

இப்பழக்கம் நம் துறை பிறந்தபோதே ஒட்டிக்கொண்டது. 1902-இல் ஆல்காப்டோனூரியா பற்றி எழுதிய ஆர்ச்சிபால்ட் காரோட், நோயுற்றோரின் பெற்றோர் பலர் உடன்பிறந்தாரின் பிள்ளைகளாக இருப்பதைக் கவனித்தார். மரபியலாளர் பேட்சன் அதை மெண்டல் விதியோடு பொருத்தினார். இங்கிலாந்துக்கு அது சரி. பழுதுபட்ட மரபணு மக்களிடையே அரிதாக இருந்தால், இருபுறமிருந்தும் அது ஒரே குழந்தையிடம் வந்துசேர உறவுத் திருமணம் பெரும்பாலும் தேவைப்படும். ஆனால் அதே மரபணு ஒரு கொள்வினை கொடுப்பினை வட்டத்துக்குள் பரவிக் கிடந்தால், ஒருவருக்கொருவர் உறவில்லாத தம்பதிக்கும் நோயுள்ள குழந்தை பிறக்கும்.

மயக்க மருந்து நிபுணர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஸ்கோலின் என்னும் தசைத்தளர்வு மருந்தைப் போட்டால் தசைகள் தளர்ந்து சில நிமிடங்களில் மீள வேண்டும். இரத்தத்திலுள்ள பியூட்டிரைல்கோலினெஸ்டரேஸ் நொதி அந்த மருந்தைச் சிதைத்துவிடும். நொதி இல்லாதவருக்கு மூச்சு மணிக்கணக்கில் திரும்பாது. வெண்டிலேட்டரில் வைத்துப் பொறுமையாகக் காத்திருந்தால் பிழைப்பார். ஆரிய வைசியரிடையே இக்குறை மிகுதி. கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தில் ஆர். பூபதியின் குழு, ஒக்சானா லாக்ரிட்ஜ் முதலிய வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து, 307-ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் புரோலின் வந்திருப்பதை 2006-இல் வெளியிட்டது. நம் மண்ணில் நடந்த இந்த ஆய்வு, நம் பாடத்திட்டங்களில் ஓர் அடிக்குறிப்பாகக்கூட இடம்பெறுவதில்லை.

முன்பொரு கூட்டத்தில் நண்பர் ஒருவர், "அறுவை மேசைக்குப் போகாதவரை தொல்லை தராத ஒன்றை நோய் என்பதா?" என்று கேட்டார். காரோட் தம் கட்டுரைத் தலைப்பிலேயே வேதியியல் தனித்தன்மை என்றுதான் குறித்தார் என்பதை அன்புடன் நினைவூட்டுகிறேன். இன்னொருவர், "வைசியரிடமும் மேனரிகம், அதாவது உறவுத் திருமணம், உண்டே" என்றார். உண்டு. ஆனால் உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி.யின் தங்கராஜ், ஹார்வர்டின் டேவிட் ரைக் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வு, நெருங்கிய உறவினரை விலக்கிவிட்டு, மற்றவர்களிடையே பொதுவாயிருக்கும் மரபணுத் துண்டுகளை அளந்தது. அது காட்டுவது நேற்றைய மாமன் மகளை அன்று. பல தலைமுறைக்கு முந்தைய ஒரு சில மூதாதையரை. வைசியரோ முப்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் உள்ள சமூகம். அந்த ஆய்வு எடுத்துக்கொண்ட 260-க்கும் மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களிடம், பின்லாந்தினரையும் அஷ்கெனாசி யூதரையும்விட வலுவான இத்தகைய தடம் தெரிந்தது.

இங்கே வேலூர் ஆய்வாளர்களுடன் எனக்குள்ள பழைய பிணக்கைத் தொட்டே ஆக வேண்டும். 1966-இல் ஆய்வாளர் சங்வி, தலைமுறை தலைமுறையாய் உறவில் மணந்ததால் தென்னிந்தியரிடம் கொடிய மரபணுக்கள் வடிகட்டப்பட்டிருக்கலாம் என்றார். 1977-இல் வேலூரின் பி.எஸ்.எஸ். ராவும் எஸ்.ஜி. இன்பராஜும் தமிழ்நாட்டுத் தரவுகளைக் கொண்டு அக்கருத்துக்கு வலுச்சேர்த்தனர். அவர்களது களப்பணியை வணங்குகிறேன். முடிவோடு உடன்பட மாட்டேன். உறவில் மணந்தோரையும் மணக்காதோரையும் ஒப்பிட்டால் வேறுபாடு சிறிதாக இருக்கிறது என்பது உண்மையாகவே இருக்கட்டும். ஒப்பீட்டுக்கு வைத்த 'அந்நியமும்' அதே சாதி வட்டத்துக்குள் நடந்த மணம்தானே? இரு தட்டிலும் ஒரே சுமை இருந்தால் முள் நடுவில்தான் நிற்கும். தட்டு காலி என்று அதற்குப் பொருளில்லை.

இதே பெங்களூரில் 1980-களில் இந்திய அறிவியல் கழகத்தின் என். அப்பாஜி ராவும் குழுவினரும் பச்சிளங்குழந்தைகளின் இரத்தத்தில் அமினோ அமிலக் கோளாறுகளைத் தேடினார்கள். 1988-இல் முடிவுகள் அச்சேறின. ஏறத்தாழ மூன்றில் ஒரு திருமணம் உறவுக்குள் நடப்பதையும் அவர்கள் பதிந்தார்கள். மேற்கோள் காட்டுவோர் இந்த மூன்றில் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். ஒற்றைக் கோட்டுக் குடும்பங்களான மீதி மூன்றில் இரண்டு நம் வகுப்பறைகளில் பேசப்படுவதேயில்லை.

"மருத்துவமனைப் படிவத்தில் சாதியா?" என்ற கோபம் நியாயமானது. சாதிப் பத்தி வேண்டாம். இரு பக்கத் தாத்தா பாட்டியரின் சொந்த ஊர், பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் ஆகியவற்றைக் கேட்போம். ஏன் கேட்கிறோம் என்பதை முதலில் சொல்வோம். பதில் மரபியல் பிரிவின் கோப்போடு நிற்கட்டும், வார்டுச் சீட்டில் ஏற வேண்டாம். வட்டத்தை விட்டு வெளியே மணந்தால் இந்த ஆபத்து குறையும் என்பதையும் ஒளிக்காமல் சொல்வோம். "தாய்மாமனைக் கட்டினதால்தானே" என்ற பழியைச் சுமக்கும் தாய்மாருக்கு, பழி ஒரு திருமணத்தின் மேல் மட்டும் இல்லை என்று சொல்லும் கடமையும் நமக்கு உண்டு.

ஊர் பற்றிய இந்த இரண்டு கேள்விகளையும் படிவத்தில் சேர்க்கும் தீர்மானத்தை நிறைவு அமர்வில் முன்மொழிவேன். எதிர்ப்பவர்கள் எண்களோடு வாருங்கள் என்று அழைத்து, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.