உளவாளிக்கு ஒரு மெட்டு

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"வாழ்த்துரை, அறிவுரை எல்லாம் பெரியவங்க பாத்துக்குவாங்க. நீ பசங்களுக்குச் சுவையா ஏதாச்சும் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் அண்ணன் உத்தரவு போட்டுவிட்டார். திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் அமைப்பு வடிவமைப்பது என் தொழில். அதைப் பற்றிப் பேசினால் அரங்கத்தில் குறட்டைச் சத்தம்தான் கேட்கும். அதனால் ஹாஸ்டலில் நாங்கள் செமஸ்டர் பரீட்சையைவிடத் தீவிரமாகப் படித்த ஒரு பாடத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜேம்ஸ் பாண்ட் படங்களின் இசை! சிரிக்காதீர்கள். இதற்குள் நம் தொழிலுக்கும் ஊருக்கும் வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. கடைசியில் சொல்கிறேன்.

நான் இறுதியாண்டு படித்தது 2012-ல். தமிழ்நாடே மின்வெட்டில் வெந்துகொண்டிருந்த வருடம். நவம்பரில் 'ஸ்கைஃபால்' வந்தது. பாதி ஹாஸ்டல் சேலத்துக்கு பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அன்றிலிருந்து கரண்ட் போகிற நேரமெல்லாம் மொட்டை மாடியில் பட்டிமன்றம்தான். அடேல் பாடிய பாட்டுதான் உச்சம் என்று ஒரு கட்சி. "போங்கடா, 1964-ல் 'கோல்டுஃபிங்கர்' படத்துக்கு ஷெர்லி பாஸி பாடினதுக்கு அப்புறம் எவருமே பாடலை" என்று இன்னொரு கட்சி. 'கோல்டுஃபிங்கர்', 'டயமண்ட்ஸ் ஆர் ஃபாரெவர்', 'மூன்ரேக்கர்' என்று மூன்று பாண்ட் படங்களுக்குத் தலைப்புப் பாடல் பாடியவர் பாஸி ஒருவர்தான். அது அந்தக் கட்சிக்குப் பெரிய பலம். அடேல் கட்சி சும்மா இருக்குமா? 2013-ல் அந்தப் பாட்டு ஆஸ்கார் வாங்கியதும் மெஸ்ஸில் அவர்கள் கை ஓங்கிவிட்டது. பாண்ட் தலைப்புப் பாடல் ஒன்று ஆஸ்கார் வாங்கியது அதுதான் முதல் தடவை. பின்னால் 'ஸ்பெக்டர்' பாட்டும், 'நோ டைம் டு டை' பாட்டும் வரிசையாக வாங்கின.

மூன்றாவதாக ஒரு சிறுபான்மைக் கட்சி உண்டு. அடியேன் அந்தக் கட்சி. "பாட்டு மூணு நிமிஷம். படம் ரெண்டரை மணி நேரம். மீதி நேரம் உன்னை நாற்காலி நுனியில உட்கார வைக்கிறது யாரு? பின்னணி இசைதானே?" என்பது எங்கள் வாதம். பாண்ட் பாடல்களுக்கு மூன்று ஆஸ்கார் கிடைத்தது. பின்னணி இசைக்கு இன்றுவரை ஒன்றுகூட இல்லை. பதினொரு பாண்ட் படங்களுக்கு இசையமைத்த ஜான் பாரியை அந்தப் படங்களுக்காக ஒரு தடவை பரிந்துரை கூடச் செய்யவில்லை.

இந்தச் சண்டை ஏன் தீரவே இல்லை என்று யோசித்தால், மூன்று பேரும் மூன்று வேறு சாமான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். தலைப்புப் பாட்டு ஒன்று. அது படத்துக்குப் படம் மாறும். பின்னணி இசை ஒன்று. அது காட்சிக்குக் காட்சி மாறும். 'டண்ட டண்டண்' என்று கிட்டாரில் வருகிற அந்தத் தீம் ஒன்று. அது மட்டும் மாறவே மாறாது. 1962-ல் 'டாக்டர் நோ'வில் ஆரம்பித்து 2021 'நோ டைம் டு டை' வரை 25 படங்கள். நாயகன் ஆறு பேர் மாறியாச்சு. ஆள் மாறினாலும் அடையாளம் மாறவில்லை என்றால் அது அந்தத் தீமால்தான்.

இதற்கு ஒரு சோதனையும் இயற்கையாகவே நடந்திருக்கிறது. 1983-ல் ஒரே வருடம் இரண்டு பாண்ட் படங்கள். ஒன்று, வழக்கமான கம்பெனி எடுத்த 'ஆக்டோபஸி', ரோஜர் மூர் நடித்தது. மற்றொன்று, வேறு தயாரிப்பாளர்கள் எடுத்த 'நெவர் சே நெவர் அகெய்ன்'. அதில் நாயகன் யார்? அசல் பாண்டான ஷான் கானரியே! ஆனால் தீம் இசையைப் பயன்படுத்தும் உரிமை அவர்களுக்கு இல்லை. மிஷல் லெக்ராண்ட் என்ற பெரிய இசை மேதையே இசையமைத்தார். இருந்தும் படம் பார்க்கும்போது எதையோ வீட்டிலேயே வைத்துவிட்டு வந்த மாதிரி இருக்கும். நம் பாஷையில் சொன்னால், மற்ற எல்லாவற்றையும் அப்படியே வைத்து ஒரே ஒரு உறுப்பை மட்டும் கழற்றிப் பார்த்த பரிசோதனை. இன்னொரு பக்கம் 'ஆக்டோபஸி'யில் உதய்ப்பூரில் ஒரு பாம்பாட்டி மகுடியில் அதே தீமை ஊதுவார். பாண்டுக்கு உடனே நம்ம ஆள் என்று புரிந்துவிடும். அந்தப் பாம்பாட்டி வேடத்தில் இருந்தவர் நம் சென்னை டென்னிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ்!

2006 'கேஸினோ ராயல்' இதைத் தலைகீழாகச் செய்தது. டேவிட் ஆர்னால்ட் தீமை முழுசாகக் கொடுக்காமல் படம் பூராவும் துண்டு துண்டாகக் காட்டி, நாயகன் கடைசியில் தன் பேரைச் சொல்லும்போதுதான் மடை திறந்த மாதிரி விடுகிறார். புதுப் பையன் பாண்ட் ஆகிற நிமிஷம் அதுதான் என்று வசனம் இல்லாமலே புரிகிறது.

சரி, அந்தத் தீமில் அப்படி என்ன இருக்கிறது? கர்நாடக சங்கீதம் கற்ற தங்கைகள் கவனிக்கவும். அடியில் ஊர்ந்து போகும் அந்த நாலு சுரம் என்னவென்றால் பஞ்சமம், சுத்த தைவதம், சதுஸ்ருதி தைவதம், மறுபடி சுத்த தைவதம். ஆர்மோனியத்தில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். ஏறுகிற மாதிரி ஏறி, சட்டென்று பின்வாங்கும். சுவர் ஓரமாக ஒருவன் பதுங்கி நடக்கிற நடை அது. அதன்மேல் விக் ஃப்ளிக் வாசித்த எலெக்ட்ரிக் கிட்டார், அதற்குமேல் பித்தளை வாத்தியங்களின் அலறல்.

இப்போது முக்கியமான கேள்வி. அந்தத் தீமை உண்டாக்கியது யார்? படத்தில் பெயர் வருவது மான்டி நார்மனுக்கு. வி.எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை இசை நாடகமாக்க அவர் முயன்றபோது போட்ட ஒரு மெட்டு, நாடகம் அரங்கேறாமல் கிடப்பில் கிடந்தது. கரும்புத் தோட்ட வேலைக்காக டிரினிடாட் தீவுக்குப் போன இந்தியர்களின் வம்சத்தைப் பற்றிய கதை அது. அந்த மெட்டைத்தான் எடுத்து பாண்டுக்குப் போட்டதாக நார்மன் சொன்னார். பிரிட்டிஷ் உளவாளியின் மெட்டு பிறந்தது ஒரு இந்தியக் குடும்பக் கதையில்!

ஆனால் அந்த மெட்டுக்கு வாத்தியங்களைப் பிரித்துக் கொடுத்து, கிட்டாரையும் பித்தளையையும் ஏற்றி, இன்றைக்கு நாம் கேட்கிற வடிவத்துக்குக் கொண்டு வந்தவர் ஜான் பாரி. அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த கூலி 250 பவுண்டு. தீமை எழுதியதே பாரிதான் என்று 1997-ல் லண்டன் பத்திரிகை ஒன்று எழுதிவிட, நார்மன் வழக்குப் போட்டார். 2001-ல் நடுவர் குழு நார்மன் பக்கம் தீர்ப்புச் சொல்லி 30,000 பவுண்டு நஷ்டஈடு கொடுக்க வைத்தது. சட்டப்படி வழக்கு முடிந்தது. ரசிகர்கள் சண்டை முடியவில்லை. பாரி 2011-லும் நார்மன் 2022-லும் காலமாகிவிட்டார்கள். சண்டை மட்டும் சிரஞ்சீவி.

இதை நான் ஒருமுறை லீவில் வீட்டில் அளந்துகொண்டிருந்தபோது எங்கள் அப்பா கேட்டார்: "வெள்ளைக்கார பாண்டுக்கு இவ்வளவு ஆராய்ச்சி பண்றியே, நம்ம சேலத்து பாண்டுக்கு என்னடா மார்க் போட்ட?"

அப்பா கேட்டது ஜெய்சங்கரை. மூத்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இளையவர்களுக்காகச் சொல்கிறேன். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வந்தவர். ஒரு வகையில் நமக்கெல்லாம் சீனியர் என்று வைத்துக்கொள்ளலாம். அவர் 1935-ல் சேலத்தில் தொடங்கியது மாடர்ன் தியேட்டர்ஸ். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம் 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம் 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) எல்லாம் அவர்கள் எடுத்ததுதான். 1963-ல் அவர் மறைந்த பிறகு மகன் ராம சுந்தரம் பொறுப்பேற்றார். உலகமெங்கும் பாண்ட் ஜுரம் அடித்த அந்த நாட்களில் சேலத்திலிருந்து 'இரு வல்லவர்கள்' (1966), 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970) என்று சாகசப் படங்கள் வரிசையாக வந்தன. தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்ற பட்டம் ஜெய்சங்கருக்கு நிலைத்தது. 'சி.ஐ.டி. சங்கர்' நாயகி சகுந்தலாவுக்கு சி.ஐ.டி. என்பதே வாழ்நாள் முழுக்க இனிஷியல் ஆகிவிட்டது.

இந்த மூன்று படங்களுக்கும் இசை ஒருவரே. வேதா. எல்.ஆர். ஈஸ்வரி பாடிய 'பளிங்கினால் ஒரு மாளிகை' என்ற பாட்டை இன்றைக்கும் கச்சேரி மேடையில் எடுத்தால் அரங்கம் எழுந்துகொள்ளும். அது 'வல்லவன் ஒருவன்' படத்துப் பாட்டு.

வேதா பேரைச் சொன்னதும் ஒரு குரல் வரும். "அவரா? இந்தி மெட்டைக் காப்பி அடிச்சவர்தானே?" உண்மைதான், மறைக்க ஒன்றுமில்லை. 1965-ல் 'வல்லவனுக்கு வல்லவன்' படத்தில் வந்த 'ஓராயிரம் பார்வையிலே' பாட்டின் மெட்டு, 1963 இந்திப் படம் 'உஸ்தாதோன் கே உஸ்தாத்' படத்துக்கு ரவி போட்டது. ரவியின் பேரைச் சேர்க்காமல் அந்தப் பாட்டைப் புகழ்ந்தால் அது நியாயமில்லை. ஆனால் ஒன்று யோசியுங்கள். இந்தியில் ஒரு சொல்லுக்கு ஒரு அளவு, தமிழில் வேறு அளவு. நெடில் விழுகிற இடம் வேறு, வல்லினம் இடிக்கிற இடம் வேறு. டி.எம்.எஸ். குரலுக்கு ஏற்ற சுருதி வேறு. அதையெல்லாம் பொருத்தி, கேட்பவனுக்கு இது பிறந்ததே தமிழில்தான் என்று தோன்ற வைப்பது சின்ன வேலையா? அப்பா சொன்னார்: "துணி எவனோ நெய்தது, சரி. நம்ம உடம்புக்கு அளவெடுத்துத் தைச்சது யாரு? ரெண்டு பேருக்கும் கூலி உண்டு." நார்மன் - பாரி வழக்குக்கு லண்டனில் பல நாள் விசாரணை. எங்கள் வீட்டுத் திண்ணையில் ரெண்டு வரித் தீர்ப்பு!

தம்பி தங்கைகளே, சுற்றி வளைத்து நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். நீங்கள் வேலைக்குப் போனால் புத்தம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்கிற நாட்கள் குறைவு. எங்கோ இருக்கும் ஒரு டிசைனை நம் மண்ணுக்கு, நம் பாறைக்கு, நம் டிரைவர் கைக்கு ஏற்ற மாதிரி மாற்றுகிற நாட்கள்தான் அதிகம். நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுகிறவர்களும் திருச்செங்கோட்டில் ரிக் கட்டுகிறவர்களும் செய்வது அதைத்தான். அந்த வேலையைக் கேவலமாக நினைக்காதீர்கள். அதே சமயம் மூலம் யாருடையது என்பதை மறைக்கவும் மறைக்காதீர்கள். ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் நாலு பேர் பெயர் போடுகிறீர்கள். வெல்டிங் கடையில் ராத்திரி பத்து மணி வரைக்கும் உங்களுக்காக நின்ற அண்ணன் பெயர் எங்கே? டிராயிங் போட்டவன் பேரை நாலு பேருக்குத் தெரியும். அந்த டிராயிங்கை ஓட வைத்தவன் பேரை நாம்தான் சொல்லியாக வேண்டும்.

அப்படிப் பார்த்தால் நம் ஊரிலேயே ஒரு பெரிய பாக்கி இருக்கிறது. மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ இன்று இல்லை. ஏற்காடு சாலையில் அதன் முகப்பு வளைவு மட்டும் நிற்கிறது. நடிகர்கள் பெயர் சினிமாப் புத்தகங்களில் இருக்கிறது. ஆனால் அந்த உளவாளிப் படங்களில் கிட்டார் வாசித்தது யார், டிரம்பெட் ஊதியது யார், ஒலிப்பதிவுக் கருவி பழுதானால் சரி செய்த மெக்கானிக் யார், செட்டுக்குப் பலகை அறுத்த ஆசாரி யார்? அந்தக் காலத்து டைட்டிலில் இவர்கள் பெயர் பெரும்பாலும் வருவதில்லை. விக் ஃப்ளிக் 2024-ல் இறந்தபோது உலகப் பத்திரிகைகள் செய்தி போட்டன. நம் ஊர் விக் ஃப்ளிக் இறந்தது பக்கத்துத் தெருவுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

முன்வரிசையில் இருக்கும் அண்ணன்மார்களே, அக்காமார்களே, உங்களில் பலர் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். உங்கள் அப்பாவோ, மாமாவோ, பக்கத்து வீட்டுத் தாத்தாவோ அந்த ஸ்டூடியோவில் வேலை பார்த்திருக்கலாம். அவர்கள் பெயர், செய்த வேலை, சொன்ன கதை, இருந்தால் ஒரு போட்டோ - இவற்றை ஒரு தாளில் எழுதி நம் சங்கத்துக்குக் கொடுங்கள். தம்பி தங்கைகளே, உங்கள் கையில்தான் போன் இருக்கிறதே, அதில் ரீல்ஸ் எடுக்கிற நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு பெரியவர் முன்னால் உட்கார்ந்து அவர் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அடுத்த வருட மலரில் அந்தப் பெயர்களுக்கென்று நாலு பக்கம் ஒதுக்க வேண்டும் என்று சங்கத் தலைவர் அவர்களை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன். தாமதிக்க நேரமில்லை. 1970-ல் இருபது வயதில் அங்கே சேர்ந்தவருக்கு இன்று எழுபத்தைந்து தாண்டியிருக்கும்.

அடேலா பாஸியா என்பதை இடைவேளையில் டீ குடித்துக்கொண்டே பேசலாம், எனக்குக் குரல் இன்னும் இருக்கிறது.