கோயம்புத்தூர் இரண்டு: சிறு விமானங்களில் சின்ன எழுத்துகள்

(சங்கத்தின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் மழைநீர் சேகரிப்பு பற்றிப் பேசினார்கள். உபயோகமான பேச்சு. நான் பேசுவதால் யார் வீட்டு போர்வெல்லிலும் தண்ணீர் ஏறப்போவதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிளாஸ்டிக் விமானத்தை ஒட்டி, பெயின்ட் அடித்து, ஷோகேஸில் வைப்பதில் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒட்டுவதும் பெயின்ட் அடிப்பதும் கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். அதற்குமேல் வருகிற எண், எழுத்து, வட்டம், பட்டை இவைதான் பாடு. அவை சரியாக இல்லாத விமானம் தேதி தப்பான காசோலை மாதிரி. தொகை சரி, கையெழுத்து சரி, ஆனாலும் கவுன்டரில் செல்லாது.

நம் ஊர்ப் பெயரிலேயே ஆரம்பிக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானப்படையிடம் டிஃபயன்ட் என்றொரு சண்டை விமானம் இருந்தது. விமானி ஒருவர், அவர் முதுகுக்குப் பின்னால் சுழலும் கூண்டில் துப்பாக்கிக்காரர் ஒருவர். நான்கு துப்பாக்கிகளும் அந்தக் கூண்டில்தான்; நேர் முன்னால் சுட ஒன்றுகூடக் கிடையாது. 1940 ஆகஸ்ட் கடைசியில் 264-ஆம் படைப்பிரிவு சில நாட்களுக்குள் பெரிய இழப்பைச் சந்தித்தது. பகலில் இது சரிப்படாது என்று கருப்பு பெயின்ட் அடித்து இரவுக் காவலுக்கு அனுப்பினார்கள். அந்த 264-இல் என் 1801 என்ற எண்ணுள்ள விமானம் ஒன்று. டெஸ்மண்ட் ஹியூஸ் ஓட்டினார், பின்கூண்டில் ஃப்ரெட் காஷ். அந்த விமானத்தின் பெயர் 'கோயம்புத்தூர் இரண்டு'. ஆங்கிலத்தில் நம் ஊர்ப் பெயர், பக்கத்தில் ரோமன் எண்ணில் இரண்டு.

காரணம் பணம். ஒரு ஸ்பிட்ஃபயருக்கு 5,000 பவுண்ட் என்று ஒரு பொது விலை வைத்துப் பேரரசு முழுக்கப் போர் நிதி திரட்டினார்கள். கொடுத்த ஊரின் பெயரை விமானத்தில் எழுதுவது வழக்கம். சென்னை மாகாணம் கொடுத்ததற்காக 79, 234, 264 ஆகிய மூன்று படைப்பிரிவுகளுக்கு 'மெட்ராஸ் பிரசிடென்சி' என்றே பெயர் சேர்த்தார்கள். விரும்பிக் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள், அதிகாரி வந்து நின்றதால் கொடுத்தவர்களும் இருந்திருப்பார்கள். அந்தப் பணத்துக்குக் கண்ணால் பார்க்கிற ரசீது அந்த ஒரு வரி எழுத்துதான்.

எழுத்தின் உயரம் நான்கு அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 72-இல் ஒரு பங்கு அளவு மாடலில் அது 1.4 மில்லிமீட்டர். கடுகைவிடக் கொஞ்சம் உயரம். அதற்குள் பத்து எழுத்தும் ஒரு எண்ணும் தெரிய வேண்டும். எண்ணை விட்டுவிட்டால் அது வேறு விமானம். ஹியூஸும் காஷும் இரவெல்லாம் உட்கார்ந்த விமானம் இல்லை.

வட்டத்துக்கு வருவோம். இறக்கையிலும் உடம்பிலும் இருக்கும் வட்டச் சின்னம். 1941-இல் பிரிட்டிஷ் சண்டை விமானத்தின் உடம்பில் வெளியே மஞ்சள், பிறகு நீலம், வெள்ளை, நடுவில் சிவப்பு. 35 அங்குல வட்டத்தில் மஞ்சள் வளையம் ஐந்து அங்குல அகலம். 1942 நடுவில் அதை மாற்றி, மஞ்சளையும் வெள்ளையையும் இரண்டு அங்குலமாகக் குறைத்தார்கள். நம் மாடலில் ஐந்து அங்குலம் 1.8 மில்லிமீட்டர், இரண்டு அங்குலம் 0.7. ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் ஒரு வருடம் போய்விடுகிறது. 1941-இன் டிஃபயன்ட்டில் மெல்லிய மஞ்சள் வளையத்தைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது. வீட்டில் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

அந்த நடுச் சிவப்பு இன்னும் முக்கியம். சொன்ன மூன்றில் 79-ஆம் படைப்பிரிவு 1942-இல் ஹரிக்கேன் விமானங்களோடு இந்தியாவுக்கே வந்து, பர்மா போர்முனையில் ஈடுபட்டது. எதிரே ஜப்பான். ஜப்பானிய விமானத்தின் சின்னம் வெறும் சிவப்பு வட்டம். மேகத்துக்கு நடுவே, வேகத்தில், கண்ணில் படுவது ஒரு சிவப்புப் புள்ளி மட்டுமே. கீழே விமான எதிர்ப்பு பீரங்கியில் இருக்கும் சிப்பாய் அதை நம்மவர் என்று எப்படிக் கண்டுபிடிப்பான்? அதனால் இந்தப் பக்கம் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களில் சிவப்பையே எடுத்துவிட்டார்கள். கடைசியில் கருநீலத்துக்குள் இளநீலம் என்ற சிறிய வட்டம் நிலைத்தது. அமெரிக்கர்களும் தங்கள் வெள்ளை நட்சத்திரத்தின் நடுவில் இருந்த சிவப்புப் பொட்டை 1942 மே மாதம் நீக்கினார்கள். ஆக 1944-இல் பர்மாவில் பறந்த விமானம் என்று அட்டை எழுதிவிட்டு, நடுவில் சிவப்பு வைத்தால், அந்தப் பையனைச் சொந்தப் படையே சுடும்படி விட்டதாக அர்த்தம். எனக்கு இது அலங்கார விஷயமாகத் தெரியவில்லை.

நம் நாட்டு விமானப்படையிலும் இப்படி உண்டு. 1948 முதல் 1950 வரை நீல அசோகச் சக்கரம்தான் சின்னம். குடியரசானபின் காவி, வெள்ளை, பச்சை வளையங்கள். சக்கரம் போட்ட டெம்பெஸ்ட் விமானம் செய்தால் ஆரம் 24 இருக்கிறதா என்று லென்ஸ் வைத்து எண்ணுங்கள்.

எதைப் பார்த்துச் சரிபார்ப்பது? பெட்டி மேலே இருக்கும் படத்தை நம்பாதீர்கள். அது ஓவியர் வரைந்தது. அருங்காட்சியக விமானமும் பலமுறை மறுபெயின்ட் கண்டிருக்கும். அதே விமானத்தின், அதே மாதத்துப் புகைப்படம் கிடைத்தால் அதுவே மூல ஆவணம். அதிலும் ஒரு பொறி உண்டு. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிம் சிவப்பை உணராது. மஞ்சளும் கருப்பாக விழும். மஞ்சள் வளையமே இல்லை என்று படத்தைப் பார்த்துச் சாதிப்பவர்கள் இருக்கிறார்கள். இடது பக்கப் படத்தை வைத்து வலது பக்கத்தை ஊகிக்கவும் கூடாது.

இனி கைவேலை. இந்த எழுத்துகள் டிகால் என்ற மெல்லிய படலத்தில் அச்சாகி வருகின்றன. வெட்டி, தண்ணீரில் நனைத்து, காகிதத்திலிருந்து வழுக்கி எடுத்து வைக்க வேண்டும். டிஃபயன்ட் மாதிரி மங்கல் கருப்பு விமானம்தான் இதில் மோசம். மங்கல் பெயின்ட் சொரசொரப்பானது. படலத்துக்குக் கீழே காற்று தங்கி, எழுத்தைச் சுற்றி வெள்ளி மாதிரி மினுங்கும். முதலில் பளபளப்பான வார்னிஷ் அடித்துக் காயவிடுங்கள். டிகாலைச் சின்ன பிரஷ்ஷால் நகர்த்தி நிறுத்தி, மைக்ரோ சால் போன்ற மென்மையாக்கும் திரவத்தை ஒரு துளி வையுங்கள். படலம் சுருங்கும், பதறித் தொடக்கூடாது, தானே படிந்துவிடும். குமிழ் நின்றால் மெல்லிய ஊசியால் குத்தி இன்னொரு துளி. எல்லாம் முடிந்தபின் மங்கல் வார்னிஷ்.

தண்ணீர் விஷயம் நம் காலனிக்கென்றே சொல்கிறேன். உப்புத் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் கருப்பின்மேல் வெள்ளைத் திட்டு விழும். சிறுவாணி வருகிற நாளில் ஒரு பாட்டில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எண்களை ஒட்டும்போது வரிசையும் பாருங்கள். டிகால் தாளில் இரண்டு மூன்று விமானங்களுக்கான எண்கள் கலந்திருக்கும். ஒரு விமானத்தை முடிவு செய்ததும் மற்றவற்றைக் கத்தரித்து வேறு கவரில் போட்டுவிடுங்கள்.

பக்கத்து மேஜையில் மூன்று மாடல்கள் வைத்திருக்கிறேன். டிஃபயன்ட், நடுச் சிவப்பு இல்லாத ஹரிக்கேன், சக்கரம் போட்ட டெம்பெஸ்ட். லென்ஸும் இருக்கிறது. குழந்தைகள் ஒவ்வொருவராக வரலாம். டிஃபயன்ட்டை மட்டும் கையில் எடுக்க வேண்டாம், மேல் வார்னிஷ் நேற்று ராத்திரிதான் அடித்தேன்.