வாங்கப் போகாமல், பார்க்கப் போக வேண்டிய கடைகள்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியது)



என்னை "ஏதாவது பேசு, பத்து நிமிஷம்" என்று சொன்னார்கள். எனக்கு மேடைப் பேச்சு வராது. பத்தாவது வரைதான் படித்தேன். அதனால் எனக்குத் தெரிந்த தையல், ஆரி வேலை, துணிக்கடை இதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலில் என் கதை ஒன்று. போன வருஷம் என் நாத்தனார் மகள் கல்யாணத்துக்குத் துணி எடுக்க சென்னைக்குப் போனோம். ஒரு பொட்டிக் கடைக்குள் போனோம். கண்ணாடிக்குள்ள ஒரு பொம்மைக்கு ப்ளவுஸ் போட்டு நிறுத்தியிருந்தாங்க. பச்சைப் பட்டு, கையில் மயில். பார்த்ததும் எனக்குத் தூக்கி வாரிப் போட்டது. ஏன்னா அது நான் போட்ட மயில். எப்படித் தெரியும் என்று கேட்பீங்க. இடது கை மயில் கழுத்தில் பச்சை மணி தீர்ந்து போய் மூணு இடத்தில் நீல மணி வைத்தேன். அந்த மூணு நீல மணியும் அங்கே இருந்தது.

விலைச் சீட்டைப் பார்த்தேன், 3,800 ரூபாய். எனக்குக் கிடைத்தது 650. அதில் மணி, நூல் 150 போக 500. மூணு நாள், நாளைக்கு ஆறு மணி நேரம், மொத்தம் 18 மணி நேரம் கட்டிலில் குனிந்து போட்ட வேலை. கணக்குப் போட்டால் மணிக்கு 28 ரூபாய்கூட முழுசா வரவில்லை. நூறு நாள் வேலைக்குப் போயிருந்தாலும் இதைவிடக் கூட வந்திருக்கும்.

"இது யார் போட்டது?" என்று அந்தக் கடைப் பெண்ணைக் கேட்டேன். "எங்க டிசைனர் போட்டதுங்க" என்று சொன்னாள். அந்தப் பிள்ளை மேல் தப்பு இல்லை, அவளுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைக்காரரையும் நான் திட்டவில்லை. வாடகை, கரண்ட், சம்பளம், விற்காமல் கிடக்கிற சரக்கு எல்லாம் அவருக்கும் உண்டு. ஏஜென்டு கைக்கும் கொஞ்சம் போகும். ஆனால் அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காசு கம்மி என்பதைவிட, என் பேரே அதில் இல்லை என்பதுதான் உறுத்தியது.

அதற்கப்புறம் நான் கடைகளை வேறு மாதிரி பார்க்க ஆரம்பித்தேன். பொருளை மட்டும் பார்க்காமல் இது யார் செய்தது, அதை எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள், லாபம் யாருக்குப் போகிறது என்று பார்த்தேன். சில கடைகளுக்கு நேரில் போனேன். சிலதைப் பற்றிக் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். அதில் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய கடைகளைச் சொல்கிறேன்.

சென்னையில் முதலில் பார்க்க வேண்டியது நுங்கம்பாக்கம் வள்ளுவர் கோட்டம் சாலையில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் வளாகம். இது நம்ம இடம். தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் 1983-ல் ஆரம்பித்தது. 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில்தான் நம்ம மாதிரிக் குழுக்கள் முதலில் வந்தன. அன்றைக்கு அங்கே சேமிக்க ஆரம்பித்த அக்காக்கள் வழியாகத்தான் இன்று நாம் இங்கே உட்கார்ந்திருக்கிறோம். அந்த வளாகத்தில் நவராத்திரி, தீபாவளி சமயத்தில் எல்லா மாவட்டக் குழுக்களும் கடை போடுவார்கள். அங்கே போனால் மற்ற மாவட்டத்துப் பெண்கள் எப்படி மடித்து வைக்கிறார்கள், எப்படி விலை சொல்கிறார்கள் என்று பாருங்கள்.

அடுத்தது எழும்பூர் பாந்தியன் சாலை கோ-ஆப்டெக்ஸ். "அது தள்ளுபடிக் கடை, பார்க்க என்ன இருக்கு" என்று நினைக்காதீங்க. கைத்தறி நெசவாளர்களுக்காக 1935-ல் ஆரம்பித்த சங்கம் அது. அங்கே சில சேலைகளோடு ஒரு அட்டை வரும். நெய்தவர் படம், பேர், எத்தனை நாள் ஆச்சு என்று அதில் இருக்கும். அந்த அட்டைக்கு ஆகிற செலவு ரொம்பக் குறைவு. ஆனால் அதைப் படிக்கிற அம்மா விலையைக் குறைத்துக் கேட்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பார். ஒரு பட்டுச் சேலைக்குப் பின்னாடி எத்தனை நாள் தறியில் உட்கார வேண்டும் என்று நமக்குத் தெரியும். காஞ்சிபுரத்துக்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வாங்குகிறவருக்குத்தான் யாராவது சொல்ல வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் தட்சிண சித்ரா இருக்கிறது. 1996-ல் திறந்தது. தென்னாட்டுப் பழைய வீடுகளைப் பிரித்துக்கொண்டு வந்து அங்கே திரும்பக் கட்டியிருக்கிறார்கள். நம்ம காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடும் ஒன்று இருக்கிறது. உள்ளே கைவினைக் கடைகளும் உண்டு. செய்கிறவர் உட்கார்ந்து செய்வதைப் பார்த்துவிட்டு அப்புறம் வாங்குகிறார்கள். நாம் ஆரிக் கட்டிலை வீட்டுப் பின்கட்டில் ஒளித்து வைக்கிறோம். அங்கே வேலை செய்கிற இடம்தான் முன்பக்கம். செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் அதை நினைவில் வையுங்கள்.

அடுத்து பாண்டிச்சேரி பக்கம் ஆரோவில். அங்கே உபாசனா என்று ஒரு துணிக்கடை. உமா பிரஜாபதி என்கிற அம்மா 1997-ல் ஆரம்பித்தது. 2004 டிசம்பர் சுனாமிக்கு அப்புறம் கடற்கரைக் குப்பத்துப் பெண்களைக் கூப்பிட்டு, வெட்டி மிச்சமான துண்டுத் துணியில் விரல் அளவு பொம்மை செய்யச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பொம்மைக்கு சுனாமிகா என்று பேர். அதற்கு விலை கிடையாது, அன்பளிப்பாகக் கொடுப்பார்கள். அந்தச் சின்னப் பொம்மை பல நாடுகளுக்குப் போயிருக்கிறது. நம்ம தையல் யூனிட்டில் துண்டுத் துணியை மூட்டை கட்டிப் போடுகிறோமே, அப்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

நம்மை மாதிரிப் பெண்களுக்கு ரொம்ப நெருக்கமானது தர்மபுரி மாவட்டம் சித்தேரி மலைப் பக்கம் சிட்டிலிங்கி. அங்கே லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவங்க பாட்டிமார் கண்ணாடி, கிளிஞ்சல் வைத்து ஊசி வேலை போட்ட பாவாடை கட்டியவர்கள். காலப்போக்கில் அந்த வேலையே மறந்து போச்சு. வயசான ஓரிரண்டு பேருக்குத்தான் ஞாபகம் இருந்தது. அந்த ஊர் ஆஸ்பத்திரி டாக்டரம்மா லலிதா ரெஜி தூண்டிவிட, அந்தப் பாட்டிமாரை வைத்தே மற்றவர்கள் திரும்பக் கற்றுக்கொண்டார்கள். இப்போது "பொர்கை" என்ற பேரில் விற்கிறார்கள். அவங்க பாஷையில் அதற்குப் பெருமை என்று அர்த்தம். கடைக்குப் பேர் வைத்தால் இப்படி வைக்க வேண்டும்.

நீலகிரியில் தோடர் பெண்கள் இருக்கிறார்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்பும் மட்டும். வரைந்து வைத்துக்கொள்வதில்லை, நூலை எண்ணி எண்ணித் தைப்பார்கள். 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊட்டிக்குப் போனால் பார்க்கலாம். இரண்டே நிறம்தான், ஆனால் தூரத்தில் பார்த்தாலே இது தோடர் வேலை என்று சொல்லிவிடலாம். நம்ம ஸ்டால் எப்படி இருந்தது? ப்ளவுஸ், நைட்டி, பை, கால்மிதி, ஊறுகாய் எல்லாம் ஒரே மேஜையில். யாருக்கும் நாம் யார் என்று தெரியவில்லை.

வடக்கே குஜராத்தில் இரண்டு கடை. கட்ச் மாவட்டத்தில் பூஜ் ஊருக்குப் பக்கத்தில் ஷ்ருஜன். 1969-ல் அங்கே கடும் பஞ்சம். கஞ்சி ஊற்றப் போனவர்களிடம் அந்த ஊர் மக்கள், சும்மா சோறு வேண்டாம், வேலை கொடுங்க என்று கேட்டார்களாம். கூடப் போன சந்தாபென் ஷ்ராஃப் அந்தப் பெண்கள் உடுத்தியிருந்த ஊசி வேலையைப் பார்த்துவிட்டு, அதையே சேலையில் போடச் சொல்லி மும்பையில் கொண்டுபோய் விற்றார். இன்றைக்கும் பெண்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார்கள். துணியும் நூலும் வீடு தேடி வரும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற வேண்டியதில்லை.

இன்னொன்று அகமதாபாத்தில். இலா பட் அம்மா 1972-ல் தொடங்கிய சேவா சங்கத்தின் கடை ஹன்சிபா. அவங்க சங்கத்தில் இருந்த ஒரு கிராமத்துப் பாட்டியின் பேர் அது. அதைவிடப் பெரிய விஷயம், ஊசி பிடிக்கிற பெண்களே அந்தக் கம்பெனியில் பங்குதாரர்கள். கூலியும் அவங்களுக்கு, லாபத்தில் பங்கும் அவங்களுக்கு.

கடல் தாண்டிக் கொழும்பில் பேர்ஃபுட் என்று ஒரு கடை, காலி வீதியில். பார்பரா சன்சோனி அம்மா 1964-ல் ஆரம்பித்தது. கிராமத்துப் பெண்கள் கைத்தறியில் நெய்கிற துணிதான். நிறம் மட்டும் பளிச் பளிச்சென்று இருக்கும். அறுபது வருஷத்துக்கு மேல் அந்த நிறமே அந்தக் கடைக்கு அடையாளம்.

சரி, நமக்கு இதில் என்ன? பட்டுச் சேலை எடுக்க எங்கெங்கிருந்தோ காஞ்சிபுரத்துக்கு வருகிறார்கள். காஞ்சிப் பட்டுக்கு 2005-லேயே புவிசார் குறியீடு வந்துவிட்டது. சேலை இங்கே வாங்குகிறார்கள். ஆனால் அதற்கு ப்ளவுஸ் தைக்க, ஆரி போட, முந்தானைக்குக் குச்சு கட்ட வேறு ஊருக்குப் போகிறார்கள். அந்த வேலை சுற்றிச் சுற்றி ஏஜென்டு வழியா தென்னேரிக்கே திரும்பி வருகிறது, மணிக்கு 28 ரூபாய்க்கு.

அதனால் பொதுக்குழுவுக்கு என் வேண்டுகோள் நான்கு.

ஒன்று, எல்லாத்தையும் செய்யாமல் ஆரி ப்ளவுஸ், சேலைக் குச்சு இரண்டை மட்டும் நம்ம அடையாளமாக எடுத்துக்கொள்வோம்.

இரண்டு, ஆரி போடுகிற ஒவ்வொருவரும் ஒரு நோட்டு வைத்து, எத்தனை மணிக்கு உட்கார்ந்தோம், எத்தனை மணிக்கு எழுந்தோம் என்று எழுதுவோம். நேரம் தெரியாமல் விலை சொல்ல முடியாது. சேமிப்புக் கணக்கை ரூபாய் பிசகாமல் எழுதுகிற நமக்கு இது கஷ்டம் இல்லை.

மூன்று, தென்னேரி என்று நெய்த ஒரு சின்னத் துணி லேபிளும், செய்தவர் சம்மதித்தால் அவர் பேர் போட்ட ஒரு அட்டையும். ஏஜென்டு வேலையை உடனே விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் பள்ளிக்கூட ஃபீஸ் கட்ட வேண்டும். பத்து ப்ளவுஸில் இரண்டாவது நம்ம பேரில் போகட்டும்.

நான்கு, கூட்டமைப்பு செலவில் ஒரு வேன் வைத்து, தையல் பிரிவு பெண்கள் எல்லோரும் ஒரு நாள் நுங்கம்பாக்கம், எழும்பூர், முட்டுக்காடு போய்ப் பார்த்து வர வேண்டும். கடைக்குள் போனால் ப்ளவுஸை உட்பக்கம் திருப்பிப் பாருங்கள். லைனிங் எப்படி, ஓவர்லாக் எப்படி, ஓரத்தில் பிரித்துத் தைக்க எவ்வளவு துணி விட்டிருக்கு என்று பாருங்கள்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஒரு கண்காட்சிக்கு நாங்கள் 12 ப்ளவுஸ் கொண்டுபோனோம், நாலுதான் விற்றது. தப்பு எங்கள் மேல்தான். எல்லாம் ஒரே அளவு, பிரித்துவிட ஓரத்தில் துணியே விடவில்லை. ஒரு அம்மா, "வேலை அழகா இருக்கும்மா, ஆனா எனக்குப் போட முடியாதே" என்று சொல்லிவிட்டுப் போனார். பேர் போட்டு விற்றால் இந்த மாதிரித் தப்பும் நம்ம பேரிலேயே திரும்பி வரும். அதற்கும் தயாராக இருக்க வேண்டும். அதனால் வெளியே போகும் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து சரிபார்க்க வேண்டும். யார் தைத்தது என்று பார்த்து விடக்கூடாது, அது என் தையலாக இருந்தாலும் சரி.

கடைசியாக ஒன்று. அந்த மூணு நீல மணியை நான் அன்றைக்குக் குறை என்று நினைத்துத்தான் வைத்தேன். அது இல்லை என்றால் என் வேலையை நானே கண்டுபிடித்திருக்க மாட்டேன். அடுத்த ஆண்டு விழாவில் நம்ம வேலையை யார் வேண்டுமானாலும் லேபிளைப் பார்த்தே கண்டுபிடிக்கிற மாதிரி இருக்கட்டும்.