ஆறு நாளா, கோடி ஆண்டா?



ஞானோபதேச வகுப்பில் ஆறு நாளில் உலகம். அடுத்த பாடவேளையில், நம் மலைநாட்டுப் பாறைகளுக்கே 50 கோடி ஆண்டுக்கு மேல் வயது. இரண்டையும் மனப்பாடமாக்கினோம். எது உண்மையென்று கேட்கப் பயம். விசுவாசம் போய்விடுமோ என்று.

பிரபஞ்சம் விரிகிறது என 1927இல் எழுதியவரே ஒரு கத்தோலிக்கக் குரு, பெல்ஜியத்து ஜோர்ஜ் லெமைத்ர், என்பது லயத்துப் பிள்ளைகளான எங்களுக்கு அன்று தெரியாது. ஆதி அணு ஒன்றிலிருந்து எல்லாம் தொடங்கியது என்று 1931இல் சொன்னார். விஞ்ஞானம் படைப்புக்குச் சாட்சி சொல்வதாக 1951இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் பேசியபோது, மகிழாதவரும் அவரே! தம் கணக்கு கடவுளை நிரூபிக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை என்பது அவர் நிலை. அதனால்தான் அவரை எங்களுக்குப் பிடித்தது. கணக்கு நாளை மாறலாம். விசுவாசத்தை அதில் கட்டிவைத்தால் அதுவும் சேர்ந்து ஆடும்.

இப்போது பேத்திமார் அதே கேள்வியைக் கேட்கிறார்கள். விரட்டாமல், பக்கத்தில் உட்காரவைத்துப் பேசுகிறோம்.