தொப்புள்கொடி இரத்தம்: தனிச் சேமிப்பும் பொதுச் சேமிப்பும்

மகப்பேற்றுக்குப்பின் நஞ்சுக்கொடியுடன் எறியப்பட்டு வந்த இரத்தத்தின் அருமை சென்ற நூற்றாண்டின் இறுதியில்தான் உணரப்பட்டது. சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றையும் உருவாக்கவல்ல ஸ்டெம் செல்கள், அதாவது குருத்தணுக்கள், அதில் உள்ளன. 1988-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில், ஃபான்கோனி இரத்தசோகை என்னும் பரம்பரை நோயுற்ற சிறுவனுக்கு, அவன் தங்கையின் தொப்புள்கொடி இரத்தம் செலுத்தப்பட்டது. டாக்டர் எலியான் குளுக்மன் மேற்கொண்ட அச்சிகிச்சை வெற்றி பெற்றது. பின்னர் இரத்தப் புற்றுநோய், தலசீமியா முதலியவற்றிற்கும் இம்முறை பரவியது.

எலும்பு மஜ்ஜையை எடுப்பதைப் போலன்றி, இதனால் கொடையாளிக்கு நோவில்லை. திசுப் பொருத்தம் சற்றுக் குறைந்தாலும் பயன்படும். ஆயினும், ஒரு கொடியில் கிடைக்கும் அணுக்கள் வளர்ந்தவருக்குப் பெரும்பாலும் போதா.

இனிப் பொருளாதாரத்தைக் காண்போம். "குழந்தையின் உயிர்க்காப்பீடு" என்று கூறித் தனியார் வங்கிகள் பெற்றோரிடம் கட்டணம் பெறுகின்றன. இக்காப்பீடு எத்தகையது? தலசீமியாவுடன் பிறக்கும் குழந்தையின் தொப்புள்கொடி இரத்தத்திலும் அதே மரபணுக் குறை இருக்கும். ஆகவே அது அக்குழந்தைக்கு உதவாது. தன் இரத்தமே தனக்குப் பயன்படும் வாய்ப்பு, முதல் 20 ஆண்டுகளில் 2,500-இல் ஒன்று முதல் 2,00,000-இல் ஒன்று வரையே என மதிப்பிடப்பட்டுள்ளது. மூளை வாதம், மதியிறுக்கம் ஆகியவற்றிற்கு இதன் பயன் இன்னும் ஐயமற நிறுவப்படவில்லை. குடும்பத்தில் இவ்வணுக்களால் குணப்படுத்தத்தக்க நோயுற்ற குழந்தை முன்னரே இருப்பின் மட்டும் தனிச் சேமிப்பு தக்கது என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளின் கருத்தாகும்.

பொது வங்கியின் இயல்பு வேறு. அங்கு ஒருவர் அளித்தது, பொருத்தமுள்ள எவருக்கும் பயன்படும். சேமிப்பு பெருகப் பெருகப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பும் பெருகும். எனினும், பல்வகை மக்களைக் கொண்ட இந்நாட்டில் இதற்குப் பெருந்தொகுப்பு தேவை. அதன் பரிசோதனைக்கும் உறைநிலைப் பாதுகாப்பிற்கும் ஆகும் செலவும் பெரிது. பாதிப் பொருத்தமுள்ள உறவினரின் அணுக்களைக் கொண்டே சிகிச்சை செய்யும் முறை இன்று வளர்ந்துள்ளதையும் திட்டமிடுவோர் கணக்கிற் கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் நினைவிற்குரியது. பிறந்த பின் ஒரு நிமிடமேனும் கழித்தே கொடியைக் கட்ட வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. அதனால் குழந்தையின் இரும்புச்சத்து பெருகும். சேமிப்பிற்கென இரத்தத்தை மிகுதியாகப் பெறும் பொருட்டு விரைந்து கட்டினால், இரத்தசோகை மலிந்த நாட்டில் அது உறுதியான இழப்பாகும். தொலைவிலுள்ள அரிய பயனுக்காகக் கையிலுள்ள உறுதியான பயனை இழத்தல் சிக்கனமன்று. இவ்வுண்மையைப் பிரசவத்திற்கு முன்னரே தாய்மாருக்கு எடுத்துரைப்பது, மிகக் குறைந்த செலவில் நிறைவேறத்தக்க பொதுநலப் பணியாகும்.