குளிர்காலமும் நம் தோலும்: ஒளுச் செய்யும் கைகால்களைக் கவனிப்போம்

(சரவணம்பட்டியில் நமது அறக்கட்டளை நடத்திய குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. இன்றைய தலைப்பைக் கேள்விப்பட்டதும் சிலர், "குளிர்காலத்தில் தோலைப் பராமரிப்பதா? அது பியூட்டி பார்லர் விஷயமாயிற்றே, அறக்கட்டளைக்கு என்ன வேலை?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் நமது அலுவலக அலமாரியில் இருக்கிறது.

மருத்துவ உதவி கேட்டு நம்மிடம் வரும் விண்ணப்பங்களில், "சர்க்கரை நோயால் கால்விரல் எடுக்கப்பட்டது", "பாதத்தில் அறுவை சிகிச்சை செய்யவேண்டும்" என்று வருபவை உண்டு. குடும்பத்தாரை உட்காரவைத்து, எப்படி ஆரம்பித்தது என்று விசாரித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். குதிகாலில் வெடிப்பு வந்தது, கவனிக்கவில்லை. விரல் இடுக்கில் சின்னப் புண், தெரியவில்லை. குளிருக்கு வெந்நீர் ஊற்றினோம், கொப்புளம் போட்டதே தெரியவில்லை. அதாவது, குடும்பத்தைச் சம்பாதித்துக் காப்பாற்றிய ஒருவரை முடக்கிப்போட்ட நோய், தோலில் விழுந்த ஒரு கீறல் வழியாக உள்ளே நுழைந்திருக்கிறது. அதனால்தான் இந்தத் தலைப்பு.

குளிர் குறைவு, வறட்சி அதிகம்

நம் ஊர்க் குளிர் ஊட்டிக் குளிர் அல்ல. ஆனால் தோல் வெடிப்பதற்கு உறைபனி தேவையில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, மார்கழிக் கடைசியிலிருந்து தை, மாசி வரை காற்றில் ஈரம் குறைந்துகொண்டே போகிறது. காலையில் குளிர், மதியத்தில் வெயில், இடையில் உலர்ந்த காற்று. வியர்வை குறைகிறது, தோலில் இயற்கையாகச் சுரக்கும் எண்ணெய்ப் பசையும் குறைகிறது.

நம் தோலின் மேலடுக்கை ஒரு செங்கல் சுவராக நினைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த செல்கள் செங்கல்; அவற்றுக்கு இடையே இருக்கும் கொழுப்புதான் சாந்து. அந்தச் சாந்து இருக்கும்வரை உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது; வெளியே இருக்கும் கிருமி உள்ளே வராது. கொதிக்கும் வெந்நீரும், காரமான சோப்பும், உலர்ந்த காற்றும் அந்தச் சாந்தைக் கரைத்துவிடுகின்றன. முதலில் தோலில் வெள்ளைக் கோடு விழும், பிறகு அரிக்கும், பிறகு வெடிக்கும். வயதானவர்களுக்கு எண்ணெய்ப் பசை ஏற்கனவே குறைவு. அதனால்தான் வீட்டில் முதலில் அவர்கள் கால் வெடிக்கிறது.

நம் பகுதியில் இன்னொரு காரணமும் உண்டு. குடிக்க நல்ல தண்ணீர், புழங்க போர் தண்ணீர் என்று பிரித்து வைத்திருக்கும் வீடுகள் நிறைய. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. நுரைக்கவில்லையே என்று இன்னும் அதிகமாகத் தேய்ப்போம். அந்தச் சோப்பும் தண்ணீரில் உள்ள சுண்ணாம்புச் சத்தும் சேர்ந்து தோலில் படிந்து அரிப்பைக் கூட்டும். முடிந்தவர்கள் குளியலின் கடைசியில் ஒரு குவளை நல்ல தண்ணீரை ஊற்றிக்கொள்ளுங்கள்.

ஒளு: ஐந்து வேளைப் பரிசோதனை

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறோம். மற்றவர்களுக்குக் கைகால் கழுவுவது விருப்பம். நமக்கு அது தொழுகையின் நிபந்தனை. ஒரு நாளில் ஐந்து வேளை முகமும் கையும் காலும் நனைகின்றன. நனைவது கெடுதல் அல்ல. நனைத்த ஈரத்தை அப்படியே காற்றில் காயவிடுவதுதான் தோலை வறளச் செய்கிறது.

ஒரு மருத்துவர் சர்க்கரை நோயாளியிடம், "தினமும் ஒரு தடவை பாதத்தைப் பாருங்கள்" என்கிறார். நாம் ஐந்து தடவை பாதத்தைத் தொடுகிறோம். கால்விரல் இடுக்குகளைக் கோதிக் கழுவுவது ஸுன்னத். குதிகால் நனையாமல் விட்டுவிடக் கூடாது என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்துச் சொன்னதை நாம் எல்லோரும் அறிவோம். அந்த விரல் இடுக்கிலும் குதிகாலிலும்தான் நோய் முதலில் தலைகாட்டுகிறது. அவசரத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு ஓடாமல், ஒரு வேளையாவது வெளிச்சத்தில் உட்கார்ந்து, கோதும்போது கண்ணாலும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், ஈரம் ஊறி வெளுத்த தோல் இருக்கிறதா? குனிய முடியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பார்த்துச் சொல்லவேண்டும்.

ஒளுச் செய்து முடித்ததும் செய்யவேண்டியவை மூன்று. ஒன்று, அழுத்தித் தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். இரண்டு, விரல் இடுக்குகளை முழுவதும் உலர்த்துங்கள். அங்கே ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும். மூன்று, தோலில் இலேசான ஈரம் இருக்கும்போதே கைகளிலும், குதிகாலிலும், கெண்டைக்காலிலும் எண்ணெயோ வாசலினோ தடவுங்கள். விரல் இடுக்கில் மட்டும் தடவ வேண்டாம். ஐந்து வேளையும் முடியாவிட்டால், குளித்த பிறகு ஒரு தடவை, இஷாவுக்குப் பிறகு படுக்கும் முன் ஒரு தடவை போதும்.

உடனே ஒரு சந்தேகம் வரும்: "எண்ணெய் தடவியிருந்தால் அடுத்த ஒளு கூடுமா?" உலமாக்கள் சொல்லும் விளக்கம் தெளிவானது. நகப்பாலிஷ், பெயின்ட், காய்ந்த மாவு போலத் தண்ணீரைத் தோலில் படவிடாமல் தனிப் படலமாக நிற்பதை நீக்கவேண்டும். தோலில் ஊறிய எண்ணெய்ப் பசை அப்படிப்பட்டதல்ல. அதன்மேல் தண்ணீர் ஓடினால் ஒளு நிறைவேறும். வாசலின் கட்டியாக அப்பியிருந்தால் துடைத்துவிட்டுச் செய்யுங்கள். ஆழமான வெடிப்பில் மருந்து வைத்திருப்பவர்கள், கட்டுப் போட்டிருப்பவர்கள் ஹஜ்ரத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்; கட்டின்மேல் மஸஹு செய்வதற்கு மார்க்கத்தில் வழி இருக்கிறது.

தண்ணீரே உடலுக்குத் தீங்கு செய்யும் என்ற நிலையில் தயம்மும் இருக்கிறது. ஹிஜ்ரி 8-இல் தாத்துஸ் ஸலாஸில் படையெடுப்பின்போது, கடுங்குளிர் இரவில் அம்ரு பின் ஆஸ் (ரலி) அவர்களுக்குக் குளிப்புக் கடமையானது. குளித்தால் உயிருக்கு ஆபத்து என்று அஞ்சி அவர்கள் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். இதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் கண்டிக்கவில்லை, சிரித்தார்கள். உடலைக் காப்பது மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் அல்ல என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் இது சோம்பலுக்கான சலுகை அல்ல. நம் ஊர்க் குளிருக்கு வெதுவெதுப்பான தண்ணீரே போதும்.

வெந்நீரில் கவனம்

வெதுவெதுப்பு என்று சொன்னோம். சூடு என்று சொல்லவில்லை. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரும் ஆய்வின்படி, நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் 14.4 சதவீதம். அதாவது ஏழு பேருக்கு ஒருவர். இங்கே உட்கார்ந்திருப்பவர்களை எண்ணிப் பாருங்கள்.

பல ஆண்டுகள் சர்க்கரை இருந்தால் பாத நரம்புகள் மரத்துப்போகின்றன. சூடு தெரியாது; முள் குத்தினால் தெரியாது. சுபுஹுக்கு எழுந்து, கீசரைத் திறந்து, நேராகக் காலில் பிடிப்பவருக்குத் தோல் வெந்துபோனது மறுநாள்தான் தெரியும். ஆகவே தண்ணீரின் சூட்டைக் காலால் சோதிக்காதீர்கள். முழங்கையால் சோதியுங்கள், அல்லது வீட்டில் வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். காலுக்கு வெந்நீர்ப் பை, அடுப்பனல், ஹீட்டர் வேண்டாம். குளிருக்குப் பருத்திக் காலுறை போதும்; அதைத் தினமும் மாற்றுங்கள். செருப்பைப் போடும் முன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். ஒரு சிறு கல் போதும் புண்ணாக்க.

பித்தவெடிப்பைப் பிளேடால் சீவுவதை இன்றோடு நிறுத்துங்கள். கால் ஆணிக்கு மருந்துக்கடையில் விற்கும் ஒட்டுப் பட்டியில் தோலைக் கரைக்கும் அமிலம் இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்கள் அதைத் தொடக்கூடாது.

இதெல்லாம் பலன் தருமா என்றால், தருகிறது. சென்னை ராயபுரத்தில் 1954-இல் டாக்டர் எம். விசுவநாதன் தொடங்கிய நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள், பாதக் கவனிப்பைக் கற்றுக்கொடுத்து நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். சொன்னதைக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண்கள் அதிகம் ஆறின. அறுவை சிகிச்சை குறைந்தது. 2005-இல் அந்த ஆய்வு வெளியானது.

எதைத் தடவுவது?

விலை உயர்ந்த க்ரீம் தேவையில்லை. வாசலின் எனப்படும் பெட்ரோலியம் ஜெல்லி தோலின் ஈரம் வெளியே போகாமல் மூடிவைக்கும். கிளிசரின் ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். ஆனால் அதைத் தண்ணீர் கலந்து, ஈரத் தோலில்தான் தடவவேண்டும். நம் தேங்காய் எண்ணெயும் நல்லதே. 2004-இல் பிலிப்பைன்ஸில் நடந்த ஆய்வில், வறண்ட கால்களில் தினம் இரண்டு வேளை தடவியபோது, மருத்துவர்கள் வழக்கமாகத் தரும் மினரல் ஆயிலுக்கு இணையான பலனை அது கொடுத்தது.

சைத்தூன் எண்ணெயைப் பற்றிக் கேட்பீர்கள். அதன் பரக்கத்தை நாம் மதிக்கிறோம்; உணவில் அது சிறந்தது. ஆனால் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அது தோலின் அந்தச் 'சாந்தை' இளக்கிச் சிவக்கச் செய்வது தெரியவந்தது. எனவே வெடித்த தோலுக்கும், எக்சிமா உள்ளவர்களுக்கும், பச்சிளம் குழந்தைகளுக்கும் மட்டும் அதைத் தவிர்த்துத் தேங்காய் எண்ணெய் பயன்படுத்துங்கள்.

தாய்மார்களே, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து உங்கள் கைகள்தான் அதிகம் வெடிக்கின்றன. வேலை முடிந்ததும் தடவ, அடுப்படி ஜன்னலிலேயே ஒரு வாசலின் டப்பாவை வையுங்கள். நாளெல்லாம் ஏசியில் வேலை பார்த்துவிட்டு, சத்தி ரோட்டில் குளிர்காற்றில் வண்டி ஓட்டி வரும் பிள்ளைகளுக்கும் இதே மருந்துதான். உதட்டை எச்சிலால் நனைக்கும் பழக்கத்தை விடச் சொல்லுங்கள். எச்சில் காயக் காய உதடு இன்னும் வெடிக்கும்.

எல்லா அரிப்பும் வறட்சி அல்ல

இரவில் அரிப்பு அதிகமாகி, விரல் இடுக்கிலும் மணிக்கட்டிலும் இடுப்பிலும் சிறு கொப்புளங்கள் இருந்து, வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே சமயத்தில் வந்தால், அது சிரங்காக இருக்கலாம். குளிருக்கு ஒரே போர்வையில் நெருங்கிப் படுக்கும் வீடுகளிலும் விடுதிகளிலும் எளிதில் பரவும். எண்ணெய் தடவினால் போகாது. அரிப்பு இருப்பவர், இல்லாதவர் எல்லோரும் ஒரே நாளில் மருந்து பூசவேண்டும். துணி, போர்வைகளை வெந்நீரில் அலசி வெயிலில் உலர்த்தவேண்டும். பள்ளிவாசலில் ஒரே துண்டை எல்லோரும் பயன்படுத்தும் வழக்கமும் வேண்டாம். ஆளுக்கொரு கைக்குட்டை கொண்டுவாருங்கள்.

படர்தாமரைக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் கலப்பு க்ரீம்களில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், தோல் மெலியும். மருத்துவர் சீட்டு இல்லாமல் இவற்றை விற்கக்கூடாது என்று மத்திய அரசே 2018-இல் விதியை இறுக்கியது. பக்கத்து வீட்டார் சொன்னார் என்று முகத்தில் பூசாதீர்கள்.

எண்ணெய் தடவியும் இரண்டு வாரத்தில் அடங்காத அரிப்பு, தைராய்டு, சிறுநீரகம், சர்க்கரை ஆகியவற்றின் அறிவிப்பாக இருக்கலாம். வெளிறிய தேமல் உணர்ச்சியில்லாமல் இருந்தால் உடனே காட்டுங்கள். தொழுநோய்க்கு அரசு இலவசமாக மருந்து தருகிறது, முழுமையாகக் குணமாகும். பாதத்தில் புண், சீழ், சிவந்த வீக்கம், கருமை இருந்தால் ஒரு நாள்கூடத் தாமதிக்கக் கூடாது. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலும், கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. பதிவு செய்யாதவர்கள் நமது அலுவலகத்துக்கு வாருங்கள். எங்கே, எப்படி என்று வழிகாட்டுகிறோம்.

முடிவாக ஒரு வேண்டுகோள். இன்று இஷா முடிந்து வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டுப் பெரியவரின் காலை மடியில் எடுத்து வைத்துப் பாருங்கள். "விடுப்பா, ஒன்றுமில்லை" என்பார்கள். விடாதீர்கள். இரண்டு குதிகால், பத்து விரல்கள், எட்டு இடுக்குகள். ஐந்து நிமிடம் ஆகாது. விரலை இழந்த பிறகு அறுவை சிகிச்சைக்கு உதவித்தொகை கொடுப்பதைவிட, இப்போது ஒரு டப்பா வாசலின் கொடுப்பது நமக்கு எளிது. வாங்க முடியாதவர்கள் தயங்காமல் கேளுங்கள்.

வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் ஆஃபியத்தான வாழ்வைத் தருவானாக. நம் பெரியோர்கள் கடைசிவரை தங்கள் சொந்தக் கால்களில் நடந்து பள்ளிவாசலுக்கு வரும் பாக்கியத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.