கடன் நோட்டில் இருந்த பெயர்

(நாமக்கல்லில் நடந்த வணிகர் - இளைஞர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தொழிலாளர் நலச் சட்டங்களைப் பற்றிப் பேசும்படி எனக்குப் பணித்திருக்கிறார்கள். தலைப்பைக் கேட்டதுமே உங்களில் பாதிப்பேர், 'இது மில் முதலாளிக்கும் தொழிற்சங்கத்துக்கும் உள்ள வழக்கு, நம்முடைய கடைவீதிக்கு என்ன சம்பந்தம்?' என்று நினைத்திருப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவன்தான். ஆலத்தூர் நாட்டில் ஒரு பெரியவர் கேட்ட ஒரே ஒரு கேள்வி அந்த நினைப்பை மாற்றியது.

கொல்லிமலையை அறியாதவர் இங்கே இல்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே ஊர்களை நாடு நாடாகப் பிரித்துச் சொல்வார்கள். வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு என்று போகும் அந்த வரிசையில் ஆலத்தூர் நாடும் ஒன்று. மலையாளிகள் என்று சொல்லப்படும் பழங்குடி மக்கள் வாழும் ஊர். நம்மில் பலருக்கு அது பலா, வாழை, மிளகு, மரவள்ளிக்கிழங்கு வாங்கும் இடம். அவ்வளவுதான்!

என் பழ மண்டியில் அந்த ஊர் இளைஞர் ஒருவர் இரண்டு வருடம் வேலை செய்தார். அவருடைய தங்கை கல்யாணத்துக்கு முன்பணம் கொடுத்துத்தான் சேர்த்தேன். ஒருநாள் லாரியில் வாழைத்தார் ஏற்றும்போது பலகை சறுக்கி விழுந்து கால் முறிந்தது. ஆஸ்பத்திரிச் செலவை நான்தான் கொடுத்தேன். பெரிய தர்மம் செய்துவிட்டதாகவும் நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்தச் செலவையும் அவர் பெயரிலேயே முன்பணமாக எழுதி வைத்தேன்!

மூன்று மாதம் கழித்து மலையேறிப் போனேன். நலம் விசாரிக்கத்தான் போனேன் என்று இங்கே சொல்லலாம், யாரும் மறுக்கப் போவதில்லை. உண்மை அதுவல்ல. எப்போது வேலைக்குத் திரும்புவார், பணம் எப்போது கழியும் என்று தெரிந்துகொள்ளப் போனேன். அவருடைய தந்தை டீ வாங்கிக் கொடுத்தார். பிறகு கேட்டார்:

"பாய், என்ற மவன் பேரு உங்க நோட்டுல இருக்குதுங்களா? கார்டு இருந்தா காசு வருமுன்னு சொல்றாங்க."

எந்த நோட்டில்? வேலையாட்கள் பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. வாரியத்தில் நான் பதிவு செய்து கொடுக்கவில்லை. அவர் பெயர் என்னிடம் ஒரே ஒரு நோட்டில்தான் இருந்தது. அது கடன் நோட்டு!

சகோதரர்களே, சட்டம் இல்லாமல் அந்தக் குடும்பம் தவிக்கவில்லை. உடலுழைப்புத் தொழிலாளர்களுக்கென்று தமிழ்நாட்டில் 1982-லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன் கீழ் அமைந்த நல வாரியங்களில் 18 வயது முதல் 60 வயது வரை உள்ளவர்கள் பதிவு செய்துகொள்ளலாம். விபத்துக்கு உதவி உண்டு. பிள்ளைகளின் படிப்புக்கு, திருமணத்துக்கு, பிரசவத்துக்கு உதவி உண்டு. 60 வயதுக்குப் பிறகு ஓய்வூதியம் உண்டு. இவை அத்தனையும் பதிவு செய்தவருக்குத்தான். கால் முறிந்த பிறகு விண்ணப்பம் கொடுத்தால், முறிந்த காலுக்கு ஒன்றும் கிடைக்காது. வேலையில் ஏற்படும் விபத்துக்கு முதலாளியே பொறுப்பு என்ற சட்டமோ வெள்ளைக்காரன் காலத்தில், 1923-ல் வந்தது. அந்தப் பொறுப்பைத்தான் நான் கடனாக எழுதி வைத்திருந்தேன்.

இன்னும் கசப்பான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். முன்பணம் கொடுத்து, அது கழியும்வரை வேறு இடத்துக்குப் போகாதே என்று ஒருவரை நிறுத்திவைப்பதற்குச் சட்டத்தில் என்ன பெயர் தெரியுமா? கொத்தடிமை முறை! 1976-ல் வந்த ஒழிப்புச் சட்டம் அந்தக் கடனையே செல்லாததாக்கிவிட்டது. அதைத் திருப்பி வாங்குவதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. 'நாங்கள் யாரையும் கட்டிப்போடவில்லையே, அவர்களாகத்தானே வருகிறார்கள்' என்பீர்கள். ஆசிய விளையாட்டுக்காக டெல்லியில் நடந்த கட்டடப் பணிகள் பற்றிய வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம் அதற்கும் பதில் சொல்லிவிட்டது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவன் உழைக்கச் சம்மதிக்கிறான் என்றால் அவனுடைய வறுமை அவனைக் கட்டாயப்படுத்துகிறது, அதுவும் கட்டாய உழைப்புதான் என்றது நீதிமன்றம். கூலியைத் தாமதிக்காதீர்கள் என்ற நபிமொழியை மேடைதோறும் முழங்குகிறோம். கூலிக்கு முன்னால் கொடுத்த பணத்தால் ஒருவரைக் கட்டிப்போடுவதைப் பற்றி யோசித்தோமா?

அவர்கள் ஏன் மலையிலிருந்து இறங்கி வருகிறார்கள் என்பதையும் பாருங்கள். பழங்குடிகள் நிறைந்த மலை, ஆனால் தமிழ்நாட்டில் எந்தப் பகுதியும் அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் இல்லை. 2006-ல் வன உரிமைச் சட்டம் வந்தது. அனுபவ நிலத்துக்கு உரிமைப் பத்திரம், அதுவும் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தரவேண்டும், அதை விற்கவோ மாற்றவோ முடியாது என்று எழுதினார்கள். நல்ல சட்டம். ஒரு குடும்பத்தில் பெண்ணின் பெயர் நிலப் பத்திரத்தில் ஏறினால் என்ன மாறும் என்று உங்கள் வீட்டுப் பெண்களிடம் கேட்டுப் பாருங்கள்! ஆனால் தமிழ்நாட்டில் 2008-ல் உயர் நீதிமன்ற உத்தரவால் பத்திரம் வழங்குவது நின்றது. 2016-ல்தான் உச்ச நீதிமன்றம் தடையை நீக்கியது. எட்டு வருடம்! அதற்குள் பத்து வயதுப் பையன் வாலிபனாகி மூட்டை தூக்க வந்துவிடுவான்.

பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஈரோடு மாவட்டத்தைப் பாருங்கள். பர்கூர் மலையில் இருப்பவர்களும் இதே மலையாளிகள்தான். மாவட்டக் கணக்கு வேறு என்பதால் அவர்களுக்குப் பழங்குடிச் சான்றிதழ் இல்லை. ஒரே சனம், அண்ணனுக்கு உண்டு தம்பிக்கு இல்லை என்பது போன்ற நிலைமை.

இதெல்லாம் மலைக்காரர் பிரச்சினை என்று ஒதுக்கிவிடாதீர்கள். மேலப்பாளையத்தில் நம்முடைய தாய்மார்கள் பீடி சுற்றுகிறார்களே, அங்கே என்ன நடந்தது? 1966-ல் வந்த பீடித் தொழிலாளர் சட்டம், வீட்டில் இருந்து சுற்றுபவரையும் தொழிலாளி என்றே ஏற்றுக்கொண்டது. ஆனால் பாஸ் புத்தகம் மாமியார் பெயரில் இருக்கும், சுற்றுவது மருமகளும் மகளும். வருங்கால வைப்பு நிதி புத்தகத்தில் உள்ள பெயருக்கு மட்டும்தான். மற்ற இருவரின் உழைப்பு கணக்கிலேயே இல்லை! முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் சுயதொழிலிலும் முறைசாரா வேலையிலும்தான் இருக்கிறார்கள் என்று 2006-ல் சச்சார் குழு எழுதியதே, அந்த 'முறைசாரா' என்ற சொல்லுக்கு அர்த்தம் இதுதான். பதிவேட்டில் பெயர் இல்லை என்று அர்த்தம்.

2025 நவம்பர் 21 முதல் 29 பழைய சட்டங்களுக்குப் பதிலாக நான்கு தொகுப்புச் சட்டங்கள் நடப்புக்கு வந்திருக்கின்றன. நல்லதா கெட்டதா என்று தொழிற்சங்கங்கள் வாதாடிக்கொண்டிருக்கின்றன. நம் வேலையாளின் பெயரை நாம் எழுதாதவரை எந்த வாதத்திலும் அவருக்குப் பங்கில்லை.

செலவாகுமே என்கிறீர்களா? ஆகட்டும். கடை கட்டும்போது கட்டுமானத் தொழிலாளர் நலநிதிக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டித்தானே வரைபட ஒப்புதல் வாங்குகிறோம்? கட்டிய கடைக்குள் நிற்பவருக்குக் கணக்குப் பார்ப்பானேன்? கடையில் வேலை செய்பவர் உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. நம் வீதியில் எத்தனை ஜவுளிக் கடைகளில் நாற்காலி இருக்கிறது என்று இன்று வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன். எண்ணிக்கையைச் சொன்னால் உங்களுக்குத்தான் சங்கடம்.

அந்த இளைஞருடைய கணக்கைக் கிழித்துப் போட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லவில்லை, சட்டப்படி அது கடனே அல்ல. கால் ஓரளவு தேறியிருக்கிறது, பாரம் தூக்க முடியாது. இப்போது மண்டியில் எடை எழுதுகிறார். பதிவேட்டில் முதல் பெயர் அவருடையது. விபத்துக்கான தொகை என் கையிலிருந்து மாதாமாதம் ஆலத்தூர் நாட்டுக்குப் போகிறது, இன்னும் தீரவில்லை.

இளைஞர்களே, வாசலில் மேசை போட்டு வாரியப் பதிவுக்கான படிவங்களை வைத்திருக்கிறோம். ஆளுக்குப் பத்து எடுத்துக்கொண்டு நாளைக் காலையில் கடை கடையாகப் போங்கள். ஆதார் நகல், ரேஷன் கார்டு நகல், புகைப்படம், வங்கிப் புத்தகம் வேண்டும். வணிகப் பெரியவர்களே, பையன்கள் வந்து கேட்கும்போது 'முதலாளி வெளியே போயிருக்கிறார்' என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் மறுநாளும் வருவார்கள். வஸ்ஸலாம்.